யோகா பக்கத்தில் பட்டினி வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு யோகா பக்கத்தில் "பசியை வென்றால் பாதி யோகம் கைகூடும்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். கீழே, வெறும் வயிற்றில் மூச்சை வேகமாக வெளித்தள்ளும் கபாலபாதி 100 முறை, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பதில் வெந்நீர். ஒன்றும் உண்ணாதவனுக்கு யோகம் இல்லை என்று கீதையின் ஆறாம் அத்தியாயமே சொல்வது தாங்கள் அறியாததல்ல. பட்டினி கிடந்து மெலியும் அனோரெக்சியா, அளவின்றித் தின்று கக்கும் புலிமியா என்ற உணவுக் கோளாறுகள் உள்ள பிள்ளைகளும் அந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள், ஐயா.

சாப்பிட்டதை ரகசியமாக வாந்தியெடுப்பவருக்கு, உப்புநீர் குடித்துக் கக்கும் வமன தௌதியை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? வாந்தியில் பொட்டாசியம் இறங்கினால் இதயத் துடிப்பே தடம் மாறும். வயிறு ஒட்டியிருக்கிறதா என்று நாளெல்லாம் தடவிப் பார்ப்பவரிடம் வயிற்றை உள்ளிழுக்கும் உட்டியாணாவும் வயிற்றுத் தசையைச் சுழற்றும் நௌலியும் அந்த நோயைத்தான் வளர்க்கும். பட்டினியில் நாடி தளர்ந்தவர் சூரிய நமஸ்காரத்தை வேகமாகச் செய்தால், நிமிரும்போது ரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருட்டி விழுவார். மாதவிலக்கு பல மாதம் நின்றுபோனவருக்கு எலும்பு மெலிந்திருக்கலாம். சிரசாசனம் கூடவே கூடாது.

மருத்துவர் சரி என்ற பிறகு, எளிய ஆசனங்களை மட்டும் 20 நிமிடம், சுவரோரமாகச் செய்யவைக்கலாம். வகுப்புக்கு அரை மணி முன்னால் ஒரு வாழைப்பழம். சவாசனத்தில் இடுப்பெலும்பு தரையில் உறுத்தும், குளிரும். கீழே இரண்டாக மடித்த ஜமக்காளம், மேலே போர்வை. கண்ணை மூடச் சொல்லி வற்புறுத்த வேண்டாம், கேட்காமல் தொட்டுத் திருத்தவும் வேண்டாம். எடை மிஷின் கூடத்தில் இருக்கவே கூடாது. "மெலிஞ்சுட்டியே" என்ற ஒரு பாராட்டு போதும், மறுநாள் சாப்பாடு நின்றுவிடும். சேர்க்கைப் படிவத்தில் எடையைக் கேட்காமல், மயக்கம் வந்ததா, மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று கேளுங்கள். ஒல்லியானவர்களை மட்டும் கவனித்தால் போதாது. புலிமியா உள்ளவர் பெரும்பாலும் சாதாரண எடையில்தான் இருப்பார். விரல் முட்டியில் தழும்பு, தாடையோரம் வீக்கம், ஒரே நாளில் இரண்டு வகுப்பு, இவற்றைப் பார்த்தால் தனியே கூப்பிட்டுப் பேச வேண்டும். வைத்தியம் மருத்துவரிடம்தான், நம் வேலை துணை நிற்பது.

ஜூன் 21, யோகா தினம் வந்தால் 'முன்பு, பின்பு' தொந்திப் படங்கள். தீபாவளி முடிந்தால் ஜூஸ் விரதத் தொடர். இதைப் பற்றி முன்பே 2 முறை எழுதினேன்; ஒரு வரி பதில் வரவில்லை. தங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும்.

இப்போது கேட்பது ஒன்றுதான். யோகா பக்கத்தின் அடியில் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மனஸ் எண் 14416-ஐ வாராவாரம் போடுங்கள். கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசுவார்கள்.

இப்படிக்கு,
யோகா ஆசிரியை ஒருவர்,
திண்டுக்கல்