புயல் வராத வருஷத்துல என்ன செய்தி?

அன்புள்ள செல்வம்,

இங்க எல்லாரும் நலம். அம்மாவுக்கு மூட்டு வலி அப்படியேதான் இருக்கு. தீபாவளிக்கு வர்றேன்னு சொல்லி டிமிக்கி குடுத்ததைப் பத்தி நான் பேசப் போறதில்ல, கோவிந்தன் பேசிக்குவான்.

எழுத உக்காந்தது உன் தொழில்காரங்க மேல புகார் சொல்லத்தான். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு டிவி வண்டி வந்துச்சு. வயல்ல கணுக்கால் தண்ணி. மைக் பிடிச்ச தம்பி அதுல குத்தவச்சு உக்காந்து, இடுப்பளவு வெள்ளத்துல நிக்கிற மாதிரி பேசுறான்! கேமராக்காரரே சிரிச்சுட்டாரு. தாழ்வு மண்டலம் வலுவிழந்ததுன்னு தெரிஞ்சதும் வண்டி கிளம்பிருச்சு. அன்னிக்கு ராத்திரி விவாதத்துல ஒருத்தர், "இந்த வருஷம் புயலையே காணோம், காலநிலை மாற்றம்னு பயமுறுத்தினாங்களே, எங்கே?"ங்கிறார். எதிர்ல இருந்தவர் "வரும், பாருங்க"ன்னு சாபம் விடுறார்.

புயலை எண்ணி என்னடா தெரியும்? 2016ல நாடா வந்துச்சு, பத்து நாள் கழிச்சு வர்தாவும் வந்துச்சு. ஆனா வடகிழக்குப் பருவமழை அறுபது சதவீதத்துக்கு மேல குறைஞ்சு சம்பா கருகிப் போச்சு. அடுத்த ஜனவரியில மாநிலம் முழுக்க வறட்சின்னு அறிவிச்சாங்க. 2021ல நம்ம கரையில ஒரு புயலும் ஏறல. அந்த நவம்பர்லதான் பயிர் முங்குச்சு. 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டினது புயலா? பேரே இல்லாத வளிமண்டலச் சுழற்சி.

காத்து மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டாத்தான் புயல்னு பேர் வைப்பாங்க. 61ன்னா ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். முங்கின நெல்லுக்கு அந்த ஒரு கிலோமீட்டர் தெரியுமா? 2020ல புரெவி அப்படித்தான், வலு குறைஞ்சு ராமநாதபுரம் பக்கம் நகராம நின்னுக்கிட்டே டெல்டாவை ஊறப்போட்டுச்சு.

விஞ்ஞானிங்களும் வருஷா வருஷம் புயல் கூடிக்கிட்டே போகும்னு சொல்லல. உலக அளவுல எண்ணிக்கை குறையலாம், இல்ல அப்படியே இருக்கலாம். ஆனா வர்றதுல கடுமையானதோட பங்கு கூடும், அது கொண்டு வர்ற மழையும் கூடும்னுதான் சொல்றாங்க. அமைதியா போன ஒரு பருவத்தை வச்சு "எல்லாம் பொய்"னும் சொல்ல முடியாது, ஒரு கஜாவை வச்சு "உலகம் முடிஞ்சுது"ன்னும் சொல்ல முடியாது. இதை உங்க விவாதத்துல எவனாவது சொன்னானா?

கஜாவை நெனச்சா இன்னும் வயிறு எரியுது. 2018 நவம்பர் 16, வேதாரண்யம் பக்கம் கரை கடந்துச்சு. அன்னிக்கு டிவியில முன்னேற்பாட்டுக்குப் பாராட்டு. பேராவூரணி, பட்டுக்கோட்டைன்னு தோப்பு தோப்பா தென்னை சாஞ்சு கெடந்தது வெளியில தெரியவே நாளாச்சு. ஒரு தென்னை காய்ப்புக்கு வர எத்தனை வருஷம்னு உனக்குத் தெரியும், உங்க அப்பா வச்ச மரம்தானே அதெல்லாம்.

ஒரு வேலை செய். மழைக்கு ஆள் அனுப்பாத, சித்திரையில அனுப்பு. வடிகால்ல வெங்காயத் தாமரை எவ்வளவு அடைச்சிருக்கு, தூர் வாரின லட்சணம் என்ன, கடைமடைத் தண்ணி கடலுக்குப் போக எங்க முட்டுதுன்னு காட்டச் சொல்லு. பாக்க சுவாரசியமா இருக்காது, தெரியும். நானே பேட்டி குடுக்கறேன். பேரை மட்டும் போட்டுறாத, பாசன சங்கத்துல தூர் வாரினவங்களோடதான் உக்காரணும்.

அன்புடன்,
ராஜு