கடற்கரை வீட்டில் தங்க வருகிறவர்களுக்கு

வணக்கம் உறவுகளே. திருகோணமலை டச்சுக் குடாக் கரையில் நாங்கள் எடுத்திருக்கும் பழைய வீட்டின் திறப்பை வெள்ளி பின்னேரம் 2 மணிக்குத்தான் தருவார்கள். காலையிலேயே வருகிறவர்கள் சாமான்களை எங்கள் வீட்டில் வைத்துவிட்டுக் கோணேசர் கோயிலுக்குப் போய்வாருங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். சுவரெல்லாம் சுண்ணாம்புச் சாந்து. பிள்ளையின் பிறந்தநாள் அலங்காரத்துக்கு ஆணியும் வேண்டாம், டேப்பும் வேண்டாம். முந்தி யாரோ விறாந்தைத் தூணில் ஒட்டிய டேப்பை நேற்று மெல்ல உரித்தேன். உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சும் கூடவே வந்துவிட்டது. மனசே கேட்கவில்லை. அதன்மேல் சீமெந்து பூசவும் முடியாது, ஈரம் உள்ளே தங்கிச் சுற்றியிருக்கும் பூச்சும் கழன்றுவிடும். கூரை வளையில் பழைய கொக்கிகள் இருக்கின்றன, நூலில் கட்டித் தொங்கவிடுவோம்.

ஆகஸ்ட் என்பதால் கடல் அமைதிதான். ஆனால் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று தரைப்பக்கமிருந்து புழுதியோடு வரும். மத்தியானம் மேற்கு ஜன்னல்களைச் சாத்திவிட்டுக் கடல்பக்கத்தைத் திறந்து வையுங்கள், உள்ளே குளிர்மையாக இருக்கும்.

அப்புறம், இரவில் மான்கள் கேற் வரைக்கும் வரும். சாப்பாட்டுப் பொலித்தீன் பைகளை வெளியே வைக்காதீர்கள், பையோடு தின்றுவிடும். குப்பையைக் குசினிக்குள்ளேயே மூடி வையுங்கள், காலையில் நான் வந்து எடுக்கிறேன்.