ரங்கூன்கார செய்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நிலம் வாங்குகிறவர்கள் வில்லங்கம் பார்க்க வேண்டியதைப் பற்றி உங்கள் இதழில் அடிக்கடி எழுதுகிறீர்கள். அதே காகிதங்களுக்குள் மனிதர்களும் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் போன என் அனுபவத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

காளையார்கோவில் பக்கம் 2 ஏக்கர் 40 சென்ட் வாங்கினேன். சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்த மானாவாரி நிலம், நடுவில் தூர்ந்துபோன ஒரு கிணறு. வெட்ட வந்த ஆட்கள் எல்லாரும் அதை 'ரங்கூன்கார செய்' என்றே சொன்னார்கள். செய் என்றால் எங்கள் பக்கம் நிலம்; ரங்கூன், பர்மாவின் பழைய தலைநகரம். யார் அந்த ரங்கூன்காரர் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. என் பத்திரத்திலும் மூலப்பத்திரத்திலும் ரங்கூன் என்ற சொல்லே கிடையாது. இணையத்தில் எடுத்த வில்லங்கச் சான்று 1975-க்கு முன்னால் போகவில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுப் பழைய புத்தகங்களைத் தேடச் சொன்னேன். 1951 வரை வந்து நின்றுவிட்டது. இது சிவகங்கை ஜமீனில் இருந்த நிலம். ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது 1948-ல். அதற்கு முந்தைய பத்திரங்களில் எங்கள் நிலத்துக்குச் சர்வே எண்ணே இல்லை. செய்யின் பெயரும் நாலு எல்லையும்தான். எண்ணை வைத்துத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

வழிகாட்டியது பக்கத்து நிலத்துக்காரர் வீட்டுத் தகரப்பெட்டி. அவர் தாத்தா வாங்கிய 1940-ஆம் வருடத்துக் கிரையப் பத்திரம் அதில் இருந்தது. செக்குபந்தியில், அதாவது நாலு எல்லையையும் சொல்லும் பகுதியில், தெற்கு எல்லையாக ரங்கூனில் இருக்கும் இன்னார் நிலம் என்று எழுதியிருந்தது. தகப்பனார் பெயரோடு. என் நிலத்தின் பழைய சொந்தக்காரரை அடுத்தவர் பத்திரம்தான் காட்டிக்கொடுத்தது. உங்கள் வாசகர்களில் யாராவது இப்படித் தேடினால் முதலில் நாலு எல்லைக்காரர்களையும் போய்ப் பாருங்கள் என்றே சொல்வேன்.

பெயர் கிடைத்ததும் சார்பதிவாளர் அலுவலகத்தின் பெயர் அட்டவணையில் தேடினோம். 1938-ல் அவர் வாங்கிய கிரையமும், 1943-ல் அவர் மனைவி எழுதிக்கொடுத்த ஒத்தியும் (கடனுக்காக நிலத்தை அனுபவிக்கக் கொடுக்கும் அடமானம்) அகப்பட்டன. (பதிவுச் சட்டப்படி இந்த மாதிரி ஆவணங்களின் நகலைக் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் வாங்கலாம். பலருக்கு இது தெரியாது.) அவர் ரங்கூனில் ஒரு செட்டியார் கடையில் அடுத்தாளாக, அதாவது உதவியாளாக, இருந்தவர். அங்கிருந்து பணம் அனுப்பித் தம்பி மூலம் இந்தச் செய்யை வாங்கியிருக்கிறார். ஐந்தே வருடத்தில் அடுத்த பத்திரத்தில் அவர் 'காலஞ்சென்ற'வராகிவிட்டார். மைனர் மகனுக்குக் கார்டியனாக மனைவி எழுதிக்கொடுக்கிறார். கணவரின் வைத்தியத்துக்கும் கருமாதிக்கும் வாங்கிய கடனை அடைக்க ஒத்தி. கையெழுத்து போட வேண்டிய இடத்தில் இடது பெருவிரல் ரேகை என்று குறித்திருக்கிறது. முதல் பத்திரத்தில் அந்த அம்மாள் இல்லவே இல்லை. இதிலும் இன்னார் மனைவி என்றுதான் வருகிறார். அவருக்கென்று ஒரு பெயர் இருப்பதைக் கண்டுபிடிக்க மூன்று முறை வாசிக்க வேண்டியிருந்தது.

இரண்டு பத்திரத்துக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதை ஊரில் இருக்கும் தொண்ணூறு தாண்டிய ஓர் அப்பத்தா சொன்னார். 1941 டிசம்பரில் ஜப்பான்காரர்கள் ரங்கூனில் குண்டு போட்டார்கள், அடுத்த மார்ச்சில் நகரமே விழுந்தது என்பதை நாம் படித்திருக்கிறோம். லட்சக்கணக்கான இந்தியர்கள் காடும் மலையும் கடந்து நடந்து வந்தார்கள். அப்படி வந்தவர்களில் இவரும் ஒருவர். "காலு ரெண்டும் வீங்கி வந்து விழுந்தாக, ஒரு வருசம்கூட இருக்கல" என்றார் அப்பத்தா. கிணறு அவர் வெட்டியதல்ல. அவர் இறந்த பிறகு, ஒத்திக்கு வைக்கும் முன்பே, அந்த அம்மாள் நகையை விற்று வெட்டியதாம். ஊர் இன்றும் ரங்கூன்காரர் பெயரைத்தான் சொல்கிறது. எனக்கு அது மனதை உறுத்துகிறது.

ஐயா, இரண்டு விஷயம் கேட்கிறேன். நான் ஏறி இறங்கிய ஓர் அலுவலகத்தில் பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டின் (நில விவரமும் வரியும் குறித்த அரசு ஏடு) தாள்கள் தொட்டாலே உதிர்ந்தன. அங்கிருந்த ஊழியர் பொறுமையாக எடுத்துக் காட்டினார், அவர்மேல் குறையில்லை. இருப்பதை இருக்கிறபடி ஸ்கேன் செய்து வைக்கும்படி அரசை நீங்கள் வலியுறுத்த வேண்டும். அப்புறம், நிலத்தை விற்கிற குடும்பங்கள் பழைய பத்திரக் கட்டைத் தயவுசெய்து எரிக்க வேண்டாம். எனக்கு விற்றவர் வீட்டில் ஒரு மூட்டையைப் போகிக்குக் கொளுத்திவிட்டார்களாம். செல்லாத காகிதம் என்று நினைத்துவிட்டார்கள். வாங்குபவரிடம் கொடுங்கள். கூடவே, செய்க்கு என்ன பெயர், ஏன் அந்தப் பெயர் என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

கிணற்றைத் தூர் வாரிவிட்டோம். இந்த வருடம் தண்ணீர் நிற்கிறது. அந்த அம்மாளின் பேத்தி மதுரையில் இருப்பது தெரிந்து பத்திர நகல்களை அனுப்பிவைத்தேன். தன் ஐயாவின் (தாத்தாவின்) பெயரை எழுத்தில் பார்த்தது இதுதான் முதல்முறை என்றார். வைகாசியில் வருகிறேன் என்றிருக்கிறார். அப்பத்தாவிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
சிவகங்கை மாவட்டம்