பள்ளிப் பிள்ளைகளுக்கும் கொத்தனார்களுக்கும் நிலநடுக்கப் பாதுகாப்புப் பயிற்சி கேட்டு மூன்றாவது மனு

அனுப்புநர்:
கட்டடத் தொழிலாளி (கொத்தனார்),
தக்கலை – குலசேகரம் சாலைப் பகுதி,
கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
பேரிடர் மேலாண்மைப் பொறுப்பு அதிகாரி அவர்கள்,
நாகர்கோவில்.

பொருள்: எங்கள் ஊர்ப் பள்ளியில் நிலநடுக்கப் பாதுகாப்பு ஒத்திகை நடத்தவும், மாடிப்படியைச் சரிசெய்யவும், கொத்தனார், கம்பி கட்டுபவர்களுக்குத் தமிழில் பயிற்சி தரவும் வேண்டுதல்.

பார்வை: ஏற்கெனவே கொடுத்த இரண்டு மனுக்கள். இரண்டுக்கும் ரசீது இருக்கிறது, பதில் இல்லை.

ஐயா, வணக்கம்.

நான் 31 ஆண்டுகளாகக் கொத்தனார் வேலை பார்த்து வருகிறேன். தக்கலை, திருவட்டார், மார்த்தாண்டம் பக்கம் நான் கரண்டி பிடித்துக் கட்டிய வீடுகளை எண்ணினால் நூறு தாண்டும். தாங்கள் இந்தச் சாலையில் பல தடவை போய்வந்திருப்பீர்கள். பாறை ஏற்றிய டிப்பர் லாரிகள் போகிற போக்கும், அதில் ரோட்டோரத்து வீட்டு ஜன்னல் கண்ணாடி நடுங்குவதும் தாங்கள் அறியாததல்ல. அதனால் ஊரைப் பற்றி விளக்கம் சொல்லி நேரத்தை எடுத்துக்கொள்ளாமல் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

1. எங்கள் ஊர்ப் பள்ளியில் நிலநடுக்கம் வந்தால் என்ன செய்வது என்று பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் இதுவரை யாரும் வந்து சொல்லிக்கொடுக்கவில்லை. தீயணைப்புத் துறையினர் ஒருமுறை வந்து தீயை அணைத்துக் காட்டினார்கள். அது நல்ல காரியம். நில அதிர்வு பற்றி மட்டும் ஒருவரும் பேசவில்லை.

2. நம் மாவட்டத்தில் அதெல்லாம் வராது என்று முதல் மனு கொடுத்தபோது வாய்மொழியாகச் சொன்னார்கள். மகாராஷ்டிராவில் கில்லாரிப் பக்கமும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அன்றைய நிலநடுக்க வரைபடத்தில் அந்த இடம் ஆபத்து மிகக் குறைந்த முதல் மண்டலத்தில் இருந்தது. 1993 செப்டம்பர் 30 அதிகாலை, ஊரே தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் 6.2 அளவுக்கு அதிர்ந்தது. மண் சாந்தில் அடுக்கிய கனத்த கல்சுவர்கள் உள்ளே படுத்திருந்தவர்கள் மேல் சரிந்தன. செத்தவர்கள் 7,000-க்கும் மேல். அப்புறம் 2002-இல் வரைபடத்தைத் திருத்தியபோது அந்த முதல் மண்டலமே எடுக்கப்பட்டது. இன்றைக்கு இந்தியாவில் நிலநடுக்கமே வராத இடம் என்று அந்த வரைபடத்தில் ஒரு இடமும் கிடையாது. கேரள எல்லையான களியக்காவிளை தாண்டினால் திருவனந்தபுரம் மாவட்டம், 2002 வரைபடத்தில் அது மூன்றாம் மண்டலம். பூமிக்கு அடியில் சோதனைச் சாவடி இருக்கிறதா ஐயா? 1900-இல் கோயம்புத்தூர்ப் பக்கம் வந்தது. 2000 டிசம்பரில் கேரளத்தில் ஈராற்றுப்பேட்டைப் பக்கம் வந்தது. 2001 செப்டம்பரில் புதுச்சேரிக் கடலில் வந்து சென்னை வரைக்கும் ஆட்டியது.

நான் பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. கில்லாரி மாதிரி நமக்கும் வந்துவிடும் என்றும் சொல்லவில்லை. வராது என்று சொல்லிச் சும்மா இருக்கக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

3. எங்களை வருத்துவது இதுதான். இதற்காகவே மூன்றாவது தடவையாக எழுதுகிறேன்.

போன ஆடி மாதம் ஒரு நாள் மதியம், சாப்பாட்டு மணிக்குச் சற்று முன்னால், பக்கத்துக் குவாரியில் வழக்கத்தைவிடப் பெரிய வெடி வைத்தார்கள். மாடி வகுப்பில் ஃபேன் ஆடியது, ஜன்னல் கொண்டி தானாகத் தெறித்தது. "பூகம்பம்" என்று யாரோ ஒரு பிள்ளை கத்தியிருக்கிறது. அவ்வளவுதான். மாடியில் நான்கு வகுப்பு. இறங்குவதற்கு ஒரே படிக்கட்டு. அதன் அகலத்தை நானே டேப் வைத்து அளந்தேன், சரியாக மூன்றே கால் அடி. கைப்பிடிக் கம்பி பாதியோடு நின்றுவிடுகிறது. கீழே இரும்புக் கிரில் கதவு, இரண்டு பக்கக் கதவில் ஒன்றுக்கு எப்போதும் பூட்டு. நான்கு வகுப்புப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் அந்தப் படியில் இறங்கினார்கள்.

என் பேத்தி ஏழாம் வகுப்பு. படி திரும்புகிற இடத்தில் விழுந்தாள். அவள் மேல் இரண்டு பிள்ளைகள் விழுந்தார்கள், அவர்கள் மேல் இன்னும் மூன்று பேர். வலது முழங்கை முறிந்து உள்ளே பிளேட் வைத்திருக்கிறது. இன்னொரு பையனுக்கு முன்பல் இரண்டு போயிற்று. ஒரு சின்னப் பிள்ளைக்கு மூச்சு முட்டி, பேச்சு வர அரை மணி நேரம் ஆனது. நான் வேலை இடத்திலிருந்து சாந்து ஒட்டிய கையோடு ஓடிப்போய்ப் பார்த்தபோது படி முழுக்கச் செருப்பும் டிபன் பாக்ஸும் சிதறிக் கிடந்தன. ஒரு டிபன் பாக்ஸ் மூடி திறந்து, தேங்காய்ச் சோறு படியில் மிதிபட்டுக் கிடந்தது. அதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

"ஏன் மக்கா ஓடினே?" என்று கேட்டேன். "எல்லாரும் ஓடுனாவ பாட்டா, நானும் ஓடினேன்" என்றாள்.

பிள்ளைகளுக்குத் தெரிந்தது ஓடுவது ஒன்றுதான். ஆடும்போது படிக்கட்டுப் பக்கம் போகவே கூடாது, மேசைக்கு அடியில் புகுந்து தலையைக் காத்துக்கொண்டு மேசைக் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும், ஆட்டம் நின்றபிறகு வரிசையாக இறங்க வேண்டும் என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை செய்து காட்டியிருந்தால் அந்தக் கை முறிந்திருக்காது. ஆசிரியையை நான் குறை சொல்ல மாட்டேன். அவரும் பிள்ளைகளோடு சேர்ந்துதான் ஓடினார். அவருக்கு யார் சொல்லித் தந்தார்கள்?

அன்று வந்தது நிலநடுக்கம் இல்லை ஐயா. வெறும் குவாரி வெடி. அதற்கே இப்படி. இப்போதும் டிப்பர் லாரி போனால் பேத்தி என் கையை இறுக்கிப் பிடிக்கிறாள். மாடி வகுப்புக்குப் போக மாட்டேன் என்று அழுததால், கீழே ஆறாம் வகுப்போடு உட்கார வைத்திருக்கிறார்கள். வலது கையால் எழுத முடியாமல் இடது கையால் எழுதிப் பழகுகிறாள். நோட்டைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

4. தெரியாமல் போவது என்றால் என்ன என்று இந்த மாவட்டத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. என் மனைவி குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊரான கொட்டில்பாட்டுக்காரி. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. சுமத்ராவுக்குப் பக்கத்தில் கடலடியில் பூமி அதிர்ந்தபோது நம் நேரம் காலை ஆறரை. நம் கடற்கரைக்கு அலை வந்து சேர இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. அத்தனை நேரமும் குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓட வேண்டும் என்பதும் தெரியாது. என் மாமியார் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மணக்குடிப் பாலத்தையே அலை பெயர்த்துக்கொண்டு போனது, மனிதர் எம்மாத்திரம்? அதன் பிறகு 2007-இல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வைத்தார்கள். 2012 ஏப்ரல் 11 அன்று மறுபடி சுமத்ராவில் 8.6 அளவுக்கு அதிர்ந்தபோது கடற்கரைக்கு எச்சரிக்கை வந்தது, சனங்கள் மேட்டுக்கு ஏறினார்கள். பெரிய அலை வரவில்லை, அது வேறு விஷயம். சொல்லிக்கொடுத்தால் சனங்கள் கேட்பார்கள் என்று அன்றைக்குத் தெரிந்தது. கடற்கரைக்குக் கிடைத்த அந்த அறிவு எங்கள் மலையோரத்துக்கு எப்போது வரும்?

5. இனி என் தொழிலைப் பற்றி. இதில் என் பங்கும் இருப்பதால் மனம் விட்டுச் சொல்கிறேன். தூணுக்குக் கட்டுகிற ரிங் கம்பியின் முனையை நாங்கள் நேராக மடக்கி, 90 டிகிரியில் விட்டுவிடுவோம். என் ஆசான் அப்படித்தான் கற்றுத் தந்தார், நானும் என் கையாட்களுக்கு அப்படியே கற்றுத் தந்தேன். மூன்று வருடம் முன்னால் ஒரு வேலை இடத்துக்கு வந்த இளம் பொறியாளர் தம்பி ஒருவர் என் கையிலிருந்த ரிங்கை வாங்கி, முனையை இன்னும் உள்பக்கம் 135 டிகிரிக்கு வளைத்துக் காட்டினார். "அண்ணே, கட்டடம் ஆடும்போது தூணின் மேல்பூச்சு உதிரும். முனை வெளியில் இருந்தால் ரிங் விரிந்துவிடும், உள்ளே இருக்கிற கம்பியெல்லாம் வில்லாக வளைந்து தூண் வெடிக்கும். முனை உள்ளே கான்கிரீட்டுக்குள் கொக்கி போட்டு நின்றால் பிடித்துக்கொள்ளும்" என்றார். தூணின் தலையிலும் காலிலும் ரிங்கை நெருக்கிக் கட்ட வேண்டும் என்றார். ஒரு ரிங்குக்கு மூன்று விரற்கடை கம்பி கூடுதல் ஆகும். அவ்வளவுதான் செலவு.

சுற்றிச் சுவர் முழுக்க, கதவு ஜன்னலுக்கு மேலே லிண்டல் மட்டத்தில், விடாமல் கம்பி போட்ட கான்கிரீட் பெல்ட் ஓட்டினால் வீடு ஒரே பெட்டிபோல நிற்கும் என்பதையும் அவர்தான் சொன்னார். கீழே முழுக்கத் தூண் மட்டும் நிறுத்திக் காருக்கும் கடைக்கும் விட்டு, மேலே மட்டும் சுவர் வைத்துக் கட்டுகிறோமே, மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் இப்போது எங்கே பார்த்தாலும் அதுதான், அந்த மாதிரிக் கட்டடங்கள்தான் 2001 ஜனவரி 26 குஜராத் பூஜ் நிலநடுக்கத்தில், 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில்கூட உட்கார்ந்துபோயின என்றார். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. நான் கட்டிய வீடுகளில் எத்தனை குடும்பங்கள் தூங்குகின்றன!

6. இதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். உத்தராகண்டில் ரூர்க்கியில் இந்திய நிலநடுக்கத் தொழில்நுட்பச் சங்கம் 1962-லிருந்து இருக்கிறது. பேராசிரியர் ஜெய் கிருஷ்ணா அதன் முதல் தலைவர். பொறியாளர் வைத்துக் கட்டாத சாதாரண வீட்டை எப்படி நிலநடுக்கம் தாங்கும்படி கட்டுவது என்பதற்காகவே ஆனந்த் ஸ்வரூப் ஆர்யா என்ற பேராசிரியர் தன் வாழ்நாள் முழுக்க உழைத்திருக்கிறார். கான்பூர் ஐஐடியில் இதற்கென்றே ஒரு தேசியத் தகவல் மையம் இருக்கிறது. அங்கே சி.வி.ஆர். மூர்த்தி என்ற பேராசிரியர் எழுதிய நிலநடுக்கக் குறிப்புகள் உண்டு. முதலில் வந்தவை 24, ஒவ்வொன்றும் இரண்டே பக்கம், படம் போட்டு, சாதாரண ஆளுக்கும் புரியும்படி. நான் சொன்ன ரிங் கொக்கியும் பெல்ட்டும் அதிலே இருக்கிறது. நாட்டில் இவ்வளவு படித்தவர்கள் இவ்வளவு காலம் உழைத்து எழுதி வைத்தது எங்கள் வேலை இடம் வரைக்கும் ஏன் வரவில்லை? கரண்டி பிடிக்கிறவனுக்கு ஒரு தாள், தமிழில், ஒரே ஒரு தாள் கொடுக்க 60 வருடம் போதவில்லையா?

மன்னிக்க வேண்டும் ஐயா. மரியாதைக் குறைவாக எழுத நினைக்கவில்லை. முதல் மனுவைக் கொடுத்தபோது பள்ளிக் கட்டடம் எங்கள் பொறுப்பில் இல்லை, அடுத்த அலுவலகத்துக்குப் போங்கள் என்றார்கள். அங்கே போனால் பயிற்சி எங்கள் வேலை இல்லை, திரும்பப் போங்கள் என்றார்கள். ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் பிடித்து, உச்சி வெயிலில் வரிசையில் நின்றவன் நான். இரண்டாவது மனுவுக்கு ரசீது மட்டும் தந்தார்கள். முறிந்த கை கூடுவதற்குள் பதில் வந்துவிடும் என்று நினைத்தேன். கை கூடிவிட்டது. பதில் வரவில்லை.

7. ஆகவே தாழ்மையுடன் கேட்பது:

எங்கள் பள்ளியில் இந்தப் பருவம் முடிவதற்குள் ஒரு முழு நாள் ஒத்திகை. மேசையடியில் புகுவது, தலையைக் காப்பது, ஆட்டம் நின்றபின் வரிசையாக இறங்குவது. முதலில் ஆசிரியர்களுக்கு, பிறகு பிள்ளைகளுக்கு. என் பேத்தியையும் அதில் நிற்க வையுங்கள், அவளுக்குப் பயம் தெளியும்.

அந்தக் கிரில் கதவின் பூட்டை எடுக்க நாளைக்கே உத்தரவு போடுங்கள். அதற்குப் பணம் ஒதுக்க வேண்டாம், டெண்டர் வேண்டாம், ஒரு சாவி போதும். கைப்பிடிக் கம்பியை முழுதும் இழுத்துவிடுங்கள். இரண்டாவது படிக்கட்டு கட்டப் பணம் வரும்போது நானும் என் கையாட்களும் மூன்று நாள் கூலி இல்லாமல் வேலை செய்து தருகிறோம், எழுதியே தருகிறேன்.

கொத்தனார், கம்பி கட்டுபவர், சென்ட்ரிங் வேலையாட்களுக்குத் தக்கலையிலோ நாகர்கோவிலிலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு வையுங்கள். ரூர்க்கிச் சங்கத்துக்கோ கான்பூர் மையத்துக்கோ தாங்கள் ஒரு கடிதம் எழுதினால் மதிப்பு உண்டு, நான் எழுதினால் யார் பார்ப்பார்கள்? பலகையில் எழுதி விளக்கினால் எங்களுக்கு ஏறாது. கம்பியை வளைத்துக் காட்டச் சொல்லுங்கள், பார்த்தால் பிடித்துக்கொள்வோம். ஆள் சேர்ப்பது என் பொறுப்பு. ஐம்பது பேருக்குக் குறையாமல் கூட்டி வருவேன்.

எங்கள் ஊர் எந்த நிலநடுக்க மண்டலம், அதற்கு வீடு எப்படிக் கட்ட வேண்டும் என்று கட்டட அனுமதித் தாளோடு தமிழில் ஒரு தாள் சேர்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

இந்த மனுவோடு இரண்டு ரிங் கம்பிகளைக் கட்டிக் கொண்டுவந்திருக்கிறேன். ஒன்று இத்தனை வருடமும் நான் கட்டியது. சிவப்பு நூல் சுற்றியது அந்தத் தம்பி காட்டித் தந்த மாதிரி நான் வளைத்தது. இரண்டின் முனையையும் தாங்களே விரலால் தொட்டுப் பாருங்கள் ஐயா. பார்த்துவிட்டு, பூட்டு எடுக்கிற உத்தரவை மட்டுமாவது இந்த வாரம் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
கொத்தனார்

இணைப்பு: முந்தைய இரண்டு மனுக்களின் ரசீது நகல், படிக்கட்டின் புகைப்படம் 2, பேத்தியின் மருத்துவச் சீட்டு நகல், ரிங் கம்பி 2.