ஆட்டுக் கொட்டகையில் படித்த ஊராட்சிக் கணக்கு: மாவட்ட ஆட்சியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கை நான் நிதானமாகப் படித்தது கிராம சபையில் அல்ல, பக்கத்து வீட்டுச் சித்தப்பாவின் ஆட்டுக் கொட்டகையில். சாரல் அடிக்காமல் இருக்க அவர் கட்டியிருந்த மறைப்பு, போன அக்டோபர் 2 அன்று சபையில் தொங்கிய, கணக்கு அச்சடித்த அதே பிளக்ஸ் பேனர். அன்றைக்கு அதைக் கட்டி, அதற்கு முன்னால் மேசை நாற்காலி போட்டு எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். போட்டோ எடுத்து முடிந்ததும் அவிழ்த்தாயிற்று. கொட்டகையில்தான் வரி வரியாகப் பார்க்க முடிந்தது. ஆடுகள் ஒன்றும் ஆட்சேபிக்கவில்லை.

குடிநீர் மோட்டார் பழுது நீக்கம், தெருவிளக்குப் பராமரிப்பு, பிளீச்சிங் பவுடர், இதர செலவினம். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே ஒரு தொகை. கூட்டல் சரியாகவே இருந்தது. நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் பல வருஷம் கணக்கு எழுதியவன். கூட்டல் சரியாக இருப்பது வேறு, கணக்கு சரியாக இருப்பது வேறு என்று எனக்குத் தெரியும். அங்கே வவுச்சர் இல்லாமல் ஒரு டீக்குக்கூடக் காசு எடுக்க முடியாது.

எங்கள் ஊரில் மூன்று மோட்டார். இந்த ‘பழுது நீக்கம்’ எந்த மோட்டாருக்கு? எந்தத் தேதியில் காயில் (மோட்டாரின் கம்பிச் சுற்று) கட்டினார்கள்? எந்தக் கடையில்? பேனரில் இல்லை. ‘கீழத்தெரு மோட்டார், சித்திரையில் இரண்டு முறை காயில் கட்டியது’ என்று எழுதியிருந்தால், அந்த மாதம் முழுக்க வயக்காட்டு பம்ப்செட்டுக்குக் குடம் தூக்கிய பெண்கள் அங்கேயே பதில் சொல்லியிருப்பார்கள். தணிக்கைக்கு வருகிறவர் பில் இருக்கிறதா, சீல் இருக்கிறதா என்று பார்ப்பார். இரண்டும் இருக்கும். அந்த வாரம் தண்ணீர் வந்ததா என்பது குழாயடியில் நின்றவர்களுக்குத்தான் தெரியும். அவர்களால் சரிபார்க்கவே முடியாத வடிவத்தில்தான் கணக்கு அவர்கள் முன்னால் வைக்கப்படுகிறது. இந்த மடலை எழுத வைத்தது இதுதான்.

சட்டத்தில் குறை சொல்ல அதிகமில்லை. ஊராட்சிகளுக்கு அரசியலமைப்பில் இடம் தந்த 73-வது திருத்தம் 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறையில் இருக்கிறது. அடுத்த ஆண்டே தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு நாளாக இருந்த கிராம சபை, 2022-ல் மார்ச் 22, நவம்பர் 1 சேர்ந்து ஆறாகிவிட்டது. கோரமும், அதாவது குறைந்தபட்சம் இத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கும் உண்டு. 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 100 பேர், 10,000 வரை 200 பேர். கோரம் எப்படிச் சேர்கிறது என்று உங்களுக்குத் தெரியாததல்ல. நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களை வரச் சொல்லி, நோட்டை நீட்டுவார்கள்.

“எதுக்குய்யா கையெழுத்து?” என்று போன தடவை ஒரு பெரியம்மா கேட்டார்.

“வந்ததுக்குத்தாம்மா.”

வந்ததற்குப் போட்ட அந்தக் கையெழுத்துதான் பிறகு தீர்மானத்துக்குச் சம்மதமாக மாறுகிறது. தீர்மானம் அதற்கப்புறம் ஊராட்சி அலுவலகத்தில் வைத்து எழுதப்படுகிறது. பெரியம்மா எதற்கெல்லாம் ஒப்புக்கொண்டார் என்பது இன்றுவரை அவருக்கே தெரியாது.

தலைவர் இருந்தால் ஏதோ ஒரு வீட்டு வாசலில் போய் நின்று சண்டையாவது போடலாம். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் 2025 ஜனவரி 5-ம் தேதியோடு பதவிக்காலம் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களுக்குப் போனது. பழையவர்களின் காலம் முடியும் முன்பே தேர்தலை முடித்துவிட வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 243-E பிரிவு. ஆனால் 2016 அக்டோபரிலிருந்து மூன்று ஆண்டுக்கு மேல் தனி அலுவலர் ஆட்சியைப் பார்த்த ஊர்தான் எங்களுடையது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 12,500 கிராம ஊராட்சிகள், 388 ஒன்றியங்கள். வகுத்துப் பார்த்தால், தனி அலுவலராக இருக்கும் ஒரு வட்டார வளர்ச்சி அலுவலருக்குச் சுமார் 32 ஊராட்சி. எங்கள் கீழத்தெரு மோட்டார் அவருக்கு எப்படி நினைவிருக்கும்? அவரைக் குறை சொல்லவில்லை. தலைவர் போனாலும் கிராம சபை கலைவதில்லை என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் அதன் உறுப்பினர்கள். அலுவலர் ஆட்சியில் கணக்குக் கேட்க மிஞ்சியிருக்கும் ஒரே இடமும் அதுதான்.

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றி மேடைதோறும் பேசுகிறோம். பராந்தகன் காலத்து அந்தக் குடவோலை முறையில், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி பெயர் எழுதப்படத் தகுதியற்றவர்கள். நிலமும் வேதக் கல்வியும் உள்ளவர்களுக்கான சபை அது, எங்கள் கீழத்தெருவுக்கு அதில் இடமிருந்திருக்காது. ஆனாலும் உறவுக்காரர்களையும் சேர்த்து விலக்கியதை நினைத்தால், மனைவி தலைவராக இருக்கக் கணவர் கையெழுத்து வாங்கித் திரிவதைப் பார்த்த எனக்குச் சிரிப்பு வருகிறது.

ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற பொறுப்பு சட்டப்படி உங்களுடையது. தலைவரை நீக்கும் 205-வது பிரிவும் உங்கள் கையில்தான். அதை எடுத்து வீசுங்கள் என்று கேட்கவில்லை. வாக்களித்தவர்கள் கீழே இருக்க, கணக்கு மட்டும் மேலே மேலே போய்க்கொண்டிருப்பதுதான் சிக்கல். தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள் என்பீர்கள். பத்து ரூபாய் வில்லை ஒட்டி முப்பது நாள் காத்திருக்கலாம்தான். அதே சட்டத்தின் 4-வது பிரிவு, யாரும் கேட்காமலே வெளியிடச் சொல்கிறதே?

கேட்பது பெரிய காரியமில்லை. சபைக்கு ஏழு நாள் முன்பே கணக்கை ரேஷன் கடைச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். மோட்டார் வாரியாக, தெரு வாரியாக, தேதியோடும் கடைப் பெயரோடும். ‘இதர செலவினம்’ என்ற வரியைப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். தீர்மானத்தைச் சபையிலேயே எழுதி, உரக்க வாசித்து, அதன் கீழே கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள். வருகைக்கு வேறு நோட்டு இருக்கட்டும். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், உங்கள் அலுவலகத்துச் சுற்றறிக்கை ஒன்று போதும்.

பேனர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சித்தப்பாவின் கொட்டகையில் மேற்குப் பக்கம் இன்னும் திறந்துதான் கிடக்கிறது.

இப்படிக்கு,
ஒரு கிராம சபை உறுப்பினர்