மண்டியிட்டுப் பிள்ளை பெற்றுக்கொள்ள எனக்குத் துணை நின்றவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

என் இரண்டாவது மகள் பிறந்தபோது கூட இருந்தவர்களுக்கும், அந்த அறைக்குள் வராமலே உதவியவர்களுக்கும் இந்த மடல். பலரிடம் நேரில் நன்றி சொல்லிவிட்டேன். இருந்தாலும் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுத வேண்டும் என்று தோன்றியது. நீங்கள் எனக்குச் செய்தது இன்னும் எத்தனையோ பிரசவ அறைகளில் வழக்கத்துக்கு வரவில்லை. இதைப் படிக்கிற ஒரு கர்ப்பிணி தன் டாக்டரிடம், “நான் மண்டியிட்டுப் பெற்றுக்கொள்ளலாமா?” என்று தயங்காமல் கேட்டால், எழுதியதற்குப் பலன் கிடைத்துவிடும்.

டாக்டர், முதலில் உங்களுக்கு. என் முதல் பிரசவம் வேறொரு மருத்துவமனையில் நடந்தது. வலி வலுத்ததிலிருந்து மல்லாக்கப் படுக்க வைத்து, கடைசியில் கால்களையும் தூக்கி மாட்டிவிட்டார்கள். எழுந்து உட்காரத் துடித்தேன். “அசையாதேம்மா” என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். குழந்தை நலமாகப் பிறந்தாள். ஆனால் பல நாள் கழித்தும் எனக்கு நினைவில் நின்றது வலி அல்ல, நகர முடியாமல் கிடந்ததுதான். இதை உங்களிடம் சொன்னபோது குறுக்கே பேசாமல் கேட்டீர்கள். அப்புறம் ஒரு தாளை எடுத்து இடுப்பெலும்பைப் படமாக வரைந்தீர்கள்.

மல்லாந்து படுத்தால் கர்ப்பப்பையின் கனம் முழுவதும் முதுகெலும்பை ஒட்டிப் போகும் பெரிய ரத்தக் குழாய்களை அழுத்தும், அதனால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும், சிலருக்குத் தலை சுற்றும், குழந்தைக்குப் போகும் ரத்தமும் குறையலாம் என்றீர்கள். அடிமுதுகு எலும்பும் வால் எலும்பும் கட்டிலில் அழுந்திக் கிடந்தால் குழந்தையின் தலை இறங்கும்போது பின்னால் விலக இடமிருக்காது என்பதையும் அந்தப் படத்திலேயே காட்டினீர்கள். குத்தவைத்தோ தவழும் நிலையிலோ இருக்கும்போது இடுப்பெலும்பின் கீழ்வாய் கொஞ்சம் அகலமாவதை எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் அளந்தே பார்த்திருக்கிறார்கள் என்று சொன்னதும், முதல் பிரசவத்தில் என் உடம்பு எதற்காக அப்படித் துடித்தது என்பது எனக்குப் புரிந்தது.

நீங்கள் அதோடு நிறுத்தியிருந்தால் நான் பாதிதான் நம்பியிருப்பேன். மறுபக்கத்தையும் சொன்னீர்கள். எபிடூரல் (வலி தெரியாமலிருக்க முதுகில் போடும் மருந்து) போடாத 9,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2017-ஆம் ஆண்டு காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் அறிக்கையில், நிமிர்ந்த நிலையில் (உட்கார்ந்தோ, குத்தவைத்தோ, மண்டியிட்டோ) பெற்றவர்களுக்கு ஆயுதம் போட்டு எடுப்பதும், பிறப்புவாயை வெட்டித் தையல் போடுவதும் குறைந்திருந்தன. ஆனால் ரத்தப்போக்கு 500 மில்லியைத் தாண்டும் வாய்ப்பு கூடலாம், தானாகக் கிழிவதும் சற்றுக் கூடலாம் என்று அதே அறிக்கை சொல்கிறது. அதனால்தான் ரத்தசோகை இல்லாமல் பார்த்துக்கொள்வதில் அவ்வளவு கண்டிப்பாக இருந்தீர்கள். குழந்தை பிறந்ததும் கர்ப்பப்பை சுருங்க ஊசி, உடனே சாய்ந்து படுப்பது, ரத்தப்போக்கை அளப்பது எல்லாம் முன்பே பேசி முடிவானது. குழந்தையின் இதயத் துடிப்பு இறங்கினால் எந்த நிலையிலிருந்தும் கட்டிலுக்கு வந்துவிட வேண்டும் என்றீர்கள். சரி என்றேன். எதையும் மறைக்காமல் என்னோடு சேர்ந்து முடிவெடுத்தீர்களே, அதற்கு நன்றி.

சிஸ்டர், உங்களுக்கு எழுத ஆரம்பித்தால் கை நிற்காது. வலி தொடங்கியதும் என்னைக் கட்டிலுக்குப் போகச் சொல்வீர்கள் என்று எதிர்பார்த்து வந்தேன். “நடக்கலாமா?” என்றீர்கள். வராந்தாவில் நடந்தோம். வலி வரும்போது சுவரில் கை ஊன்றி இடுப்பை மெல்ல அசைத்தேன், வலி விட்டதும் மறுபடி நடந்தோம். வலி நேரத்தில் நடமாடியும் நிமிர்ந்தும் இருந்தவர்களுக்கு பிரசவத்தின் முதல் கட்டம் (கர்ப்பப்பை வாய் முழுதும் திறக்கும் வரையிலான நேரம்) சராசரியாக 1 மணி 22 நிமிடம் குறைந்ததாக 2013-இல் வந்த காக்ரேன் தொகுப்பு சொல்கிறது. அது உங்களுக்குத் தெரியும். ஆனால் ஒருமுறைகூட என்னை அவசரப்படுத்தவில்லை. நான் உட்கார்ந்தபோது நீங்களும் உட்கார்ந்தீர்கள்.

பெண் நிமிர்ந்து பெற வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பவர்கள் குனிய வேண்டும். இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. கட்டில் உயரமாக இருப்பது பிரசவம் பார்ப்பவரின் முதுகுக்கு வசதி. நீங்கள் அந்த வசதியை விட்டுக்கொடுத்தீர்கள். நான் கைகளை ஊன்றி மண்டியிட்டிருக்க, நீங்கள் தரையில் முழங்கால் போட்டு, வயிற்றுக்கு அடியில் கையை நீட்டி டாப்ளர் கருவியை வைத்துத் துடிப்பைக் கேட்டீர்கள். முக்கும் கட்டத்தில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை அப்படிக் கேட்க வேண்டும். ஒவ்வொரு முறையும் குனிந்தீர்கள். வெளிச்சம் போதாதபோது டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தீர்களே தவிர, உங்கள் கண்ணுக்கு வாகாக என்னைத் திரும்பிப் படுக்கச் சொல்லவில்லை. மல்லாந்து படுத்திருக்கும் பெண்ணுக்குப் பிரசவம் பார்த்துப் பழகிய கைக்குத் தவழும் நிலையில் எல்லாமே தலைகீழாக இருக்குமாமே. அதைத் தனியாகக் கற்றுக்கொண்டு பழகியவர் நீங்கள் என்பதே பிறகுதான் தெரிந்தது.

“முக்கு, முக்கு” என்று யாரும் சத்தம் போடாத அறை எனக்குப் புதிது. “உங்களுக்கு முக்க வரும்போது முக்குங்கள்” என்று மட்டும் சொன்னீர்கள். நடுவில் முழங்கால் வலித்து இனி முடியாது என்றபோது, “ஒருக்களித்துப் படுங்கள், அதுவும் நல்ல நிலைதான்” என்று தலையணையை என் கால்களுக்கு இடையே வைத்தீர்கள். கொஞ்சம் தெம்பு வந்ததும் நானாகவே மறுபடி மண்டியிட்டேன். கடைசியில் குழந்தையை என் கால்களுக்கு நடுவே முன்பக்கமாக நகர்த்தினீர்கள். அவளை முதலில் தூக்கியது நான்தான். தொப்புள்கொடியைக் கத்தரிக்க யாரும் அவசரப்படவில்லை. இதற்கெல்லாம் சேர்த்து எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, சிஸ்டர்.

அறையைச் சுத்தம் செய்யும் அக்காவை விட்டுவிட முடியாது. நான் தரையில் இறங்கப் போகிறேன் என்று தெரிந்ததும் அவர் இன்னொரு முறை துடைத்து, சுத்தமான விரிப்பை இரண்டாக மடித்து என் முழங்காலுக்கு அடியில் போட்டார். தரையில் பெறலாம் என்று சொல்வது எளிது. அந்தத் தரையை அதற்குத் தகுந்ததாக ஆக்கியவர் அவர். அக்கா, உங்கள் வேலையும் மருத்துவம்தான்.

என் கணவருக்கு: உங்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு முழுக் கனத்தையும் போட்டுத் தொங்கினேன். ஒரு வார்த்தை பேசாமல் தாங்கினீர்கள். வலி முதுகில் இறங்கியபோது உள்ளங்கையால் அடிமுதுகை அழுத்தினீர்கள், அது மருந்துபோல வேலை செய்தது.

அம்மா, படுத்துப் பெறுவதுதான் பாதுகாப்பு என்று நீ பயந்தாய். பயத்தோடேயே என் பக்கத்தில் நின்றாய். அது எவ்வளவு கஷ்டம் என்று இரண்டு பெண்களைப் பெற்ற பிறகு எனக்கும் புரிகிறது.

எபிடூரல் போட்டுப் பெற்ற என் தோழிக்கும் நன்றி. நிமிர்ந்திருப்பதே எல்லோருக்கும் ஏற்றது என்று நான் பேச ஆரம்பித்தபோது நீதான் என்னை நிதானப்படுத்தினாய். பிரிட்டனில் எபிடூரல் போட்டிருந்த 3,236 முதல் பிரசவத் தாய்மார்களிடம் நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வை அப்புறம் படித்தேன். அவர்களில் ஒருக்களித்துப் படுத்தவர்களில் 41.1 சதவீதம் பேருக்கு ஆயுதமோ சிசேரியனோ இல்லாமல் இயல்பாகப் பிரசவமானது. நிமிர்ந்திருந்தவர்களில் அது 35.2 சதவீதம். ஆக, படுத்துப் பெற்ற எந்தத் தாயும் ஒரு படி குறைந்தவள் இல்லை. எந்த நிலை ஒத்துவருகிறது என்று சொல்லும் வாய்ப்பு அவளுக்குக் கிடைத்ததா என்பதுதான் என் கவலை.

இந்த ஆய்வுகளில் பங்கேற்கச் சம்மதித்த பெண்களை நான் பார்க்கப் போவதில்லை. பிரசவ வலிக்கு நடுவே, நிற்பதா படுப்பதா என்று ஒரு சீட்டுக் குலுக்கல் முடிவு செய்யட்டும் என்று ஒப்புக்கொள்வது சின்ன விஷயமா? அவர்கள் கொடுத்த அந்தச் சம்மதத்தால்தான் உலக சுகாதார நிறுவனம் 2018-இல், ஆபத்து குறைந்த பெண்கள் வலி நேரத்தில் நடமாட ஊக்கம் தர வேண்டும், முக்கும் கட்டத்தில் எந்த நிலை என்பதை அந்தப் பெண்ணே தேர்ந்தெடுக்கட்டும் என்று ஆதாரத்தோடு எழுத முடிந்தது. என் டாக்டர் என்னிடம் உறுதியாகப் பேச முடிந்ததும் அதனால்தான்.

இன்னொன்று சொல்ல ஆசை. எகிப்தில் அபிதோஸ் என்ற இடத்தில் 2001-இல் சுமார் 3,700 ஆண்டுப் பழைய செங்கல் ஒன்று கிடைத்தது. பண்டைய எகிப்தியப் பெண்கள் இப்படிப்பட்ட கற்களின் மேல் குத்தவைத்துப் பிள்ளை பெற்றார்கள். அந்தக் கல்லில் வண்ணத்தில் ஒரு காட்சி இருக்கிறது. பிள்ளை பெற்றவள் கைக்குழந்தையோடு இருக்கிறாள், அவளுக்கு இரண்டு பக்கமும் துணையாகப் பெண்கள். பெற்றவளை மட்டும் வரைந்து விட்டுவிடாமல் துணைக்கு இருந்தவர்களையும் அந்த ஓவியர் வரைந்திருக்கிறார். அதைப் பார்த்த அன்றுதான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

சிஸ்டர், புதிதாகச் சேர்ந்த நர்ஸ்களுக்கான பயிற்சியில் வந்து பேச முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். வருகிறேன். என் பிரசவக் குறிப்புகளையும் வகுப்பில் தாராளமாகக் காட்டுங்கள், சம்மதம் எழுதித் தந்துவிடுகிறேன். மண்டியிட்டிருக்கும் பெண்ணுக்கு டாப்ளர் வைத்துக் காட்ட ஆள் வேண்டுமென்றால் நானே தரையில் இறங்குகிறேன். சின்னவளும் கூட வருவாள். நடுவில் அவள் அழுதால் பால் கொடுத்துவிட்டுத் தொடர்கிறேன்.

மிகுந்த நன்றியுடன்,
இரண்டு மகள்களின் அம்மா