மூளையை அளந்து சந்தையைச் சொல்கிறோம் என்பவர்களிடம் கேளுங்கள்

மண்டபம், பாம்பன், தொண்டிக் கரையோரம் கடற்பாசி, கருவாடு, நண்டுச் சதை விற்கும் மகளிர் குழு நிர்வாகிகளுக்கு வணக்கம்.

"நாலு பேர் மூளையை அளந்தால் எந்த பாக்கெட் ஊரெல்லாம் ஓடும் என்று சொல்லிவிடுவோம்" என்று யாராவது பணம் கேட்டு வந்தால், முழுப் பொய் என்று விரட்டவும் வேண்டாம், கையெழுத்துப் போடவும் வேண்டாம்.

விஷயம் இருக்கிறது. அமெரிக்காவில் கிரெகரி பெர்ன்ஸ், சாரா மூர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் பதின்வயதினர் 27 பேரை எம்ஆர்ஐ கருவியில் படுக்கவைத்து, பலர் அறியாத 120 பாட்டுகளைக் கேட்கவைத்தார்கள். பிடித்ததா என்று மதிப்பெண்ணும் வாங்கினார்கள். 2012-இல் வெளியான முடிவுப்படி, வாயால் சொன்ன மதிப்பெண் பின்னாளைய விற்பனையோடு ஒட்டவில்லை. நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் என்ற மூளைப் பகுதியின் செயல்பாடு ஓரளவு ஒட்டியது. ஓரளவுதான். பிரையன் நட்சன் என்ற ஆய்வாளரின் குழு 2007-இல் பொருளை 4 விநாடி, விலையை 4 விநாடி காட்டி, வாங்குவாரா மாட்டாரா என்று மூளையை வைத்துக் கணித்தபோது, நூற்றுக்குச் சுமார் அறுபதுதான் சரி. காசைச் சுண்டினாலே ஐம்பது வரும்.

அந்த நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் மண்டைக்குள் ஆழத்தில் இருக்கிறது. மூளையின் மின்துடிப்பை அளக்கத் தலையில் மாட்டும் ஈஈஜி பட்டைக்கு அது எட்டாது. பட்டை பிடிப்பது தோல்மேல் வரும் சில மைக்ரோவோல்ட். கண் சிமிட்டினாலே அதைவிடப் பல மடங்கு வரும். நம்மூர் வெக்கையில் வியர்த்தால் கோடு தானாக ஏறி இறங்கும். எம்ஆர்ஐ என்றாலும் தலை இரண்டு மூன்று மில்லிமீட்டர் அசைந்தால் படம் கெடும். தூண்டில் முள், இரும்புத் துண்டு உடம்பில் தங்கியவர்களை உள்ளே விடவே கூடாது.

கணக்கும் ஏமாற்றும். 2009-இல் கிரெய்க் பென்னட் என்ற ஆய்வாளரின் குழு செத்த சால்மன் மீனை எம்ஆர்ஐ-க்குள் வைத்து, மனிதர் படங்களைக் காட்டியது. படத்தின் ஆயிரக்கணக்கான புள்ளிகளைத் தனித்தனியே சோதித்ததால், தற்செயலாகவே மீன் மூளையிலும் "செயல்பாடு" தெரிந்தது! இத்தனை சோதனையில் தற்செயலாக வருவதைக் கழிக்கும் திருத்தக் கணக்குப் போட்டதும் மறைந்தது. கருவாடு விற்கும் உங்களிடம் செத்த மீன் யோசிக்கும் என்றால் சிரிப்பீர்கள். அந்தத் திருத்தம் போட்டார்களா என்று கேளுங்கள்.

சோதித்த ஆட்களின் எண்ணிக்கையைச் சொல்லி மிரட்டுவார்கள். எத்தனை பாக்கெட்டை ஒப்பிட்டார்கள் என்பதே பெரிது. மூன்று பாக்கெட்டை ஆறு விதமாக வரிசைப்படுத்தலாம். குருட்டாம்போக்கில் சொன்னாலும் ஆறில் ஒரு தடவை சரியாக வரும். சோதனைக்கு உட்காருபவர்களும் மதுரை, சென்னைக் கடையில் வாங்குபவர்களாக இருக்கவேண்டும், உங்கள் குழுப் பெண்கள் அல்ல.

ஏல விலைக்கு இது எதற்கும் உதவாது. காய்ந்த பாசியை வாங்குவது விரல்விட்டு எண்ணக்கூடிய கம்பெனிகள். ஈரம், மணல் பார்த்து விலை வைப்பார்கள். மீனுக்கோ, ஜூன் 14-இல் தடைக்காலம் முடிந்து படகுகள் போய்வந்தால் விலை மாறும். யார் மூளையிலும் அது இல்லை.

மீறி ஒப்புக்கொண்டால், விற்பனைக்கு முன்பே கணிப்பை எழுதி வாங்கி உறையில் ஒட்டி உங்கள் பீரோவில் வையுங்கள். பாதிப் பணத்தை, உறையைப் பிரித்து விற்பனைக் கணக்கோடு பார்த்தபின் கொடுங்கள். அதற்கும் மனமில்லையா? இரண்டு வித பாக்கெட்டை நாலு கடையில் ஒரு மாதம் வைத்து, வாராவாரம் அவை இருக்கும் அலமாரித் தட்டை மாற்றி, விற்றதை நோட்டில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
மூளைப் படச் சோதனையும் சந்தைக் கணிப்பும் அறிந்த சிலர்